நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வீடு



மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவைத்த தந்தை, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பார். தாயோ, "வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எங்கே படுத்துறங்குகிறாய்?" என்று கேட்பாள். தந்தையின் கேள்விக்கு விடை ரூபாய்க் கணக்கில் உடனே வந்துவிடுகிறது. தாயின் கேள்விக்கோ, "எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது, அம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வருவதில்லை. அவன் அனுப்பும் படங்களில் நீச்சற்குளம் தெரிகிறது; பளிங்குப் படிக்கட்டு தெரிகிறது; சரவிளக்கு தெரிகிறது. அவன் படுக்கும் கட்டில் மட்டும் தெரிவதில்லை.

கடற்கரைப் பங்குகளில் மட்டுமன்றி உள்நாட்டுப் பங்குகளிலும் இன்று உணவு விடுதிப் படிப்பை முடித்த நம் இளைஞர் பலர் உல்லாசப் பயணக் கப்பல்களுக்குச் செல்கின்றனர். ஆகவே, இம்மாதம் அந்தத் தாயின் கேள்வியையே நாம் எடுத்துக்கொள்வோம். உல்லாசக் கப்பலில் பணியாளரும் அதிகாரிகளும் எங்கே குடியிருக்கின்றனர்? ஏன் அங்கே குடியிருக்கின்றனர்? அதை அறிந்த குடும்பம் என்ன செய்யவேண்டும்?

நோவாவின் பேழைக்கு மூன்று தளங்கள் இருந்தன என்று தொடக்க நூல் கூறுகிறது. நீளம், அகலம், உயரம் யாவும் அளந்து சொல்லப்பட்டுள்ளன. ஆனால் எந்தத் தளத்தில் யார் தங்கினர் என்று ஒரு சொல்லும் இல்லை. இன்றைய கப்பல்களிலோ, யார் எந்தத் தளத்தில் என்பதே முதலில் தீர்மானிக்கப்படும் செய்தி.

2024-ஆம் ஆண்டு சனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் பெருங்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது தளங்கள், ஏறத்தாழ 2,350 பணியாளர்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பங்கள் என்று கணக்கிட்டால், 470 குடும்பங்கள் உள்ள ஒரு பங்குக்கு இது சமம். இத்தனை பேருக்கும் அந்தக் கப்பலுக்குள் படுக்கை வேண்டும், குளியலறை வேண்டும், உணவுக்கூடம் வேண்டும். இவ்வளவு இடத்தை எங்கிருந்து ஒதுக்குவது?

கப்பல் முதலாளியின் கணக்கு எளிமையானது. சன்னல் வழியே கடல் தெரியும் அறைக்குப் பயணி அதிகப் பணம் தருகிறார். வெளியே நின்று காற்று வாங்க மாடம் இருந்தால் இன்னும் அதிகம் தருகிறார். எனவே வெளிச்சமும் காட்சியும் உள்ள இடமெல்லாம் விற்பனைக்குரியது. விற்க இயலாத இடம் எது? கப்பலின் அடித்தளங்கள்; நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் உள்ள பகுதிகள்; அலை மோதும் ஓசை அதிகமாய்க் கேட்கும் முன்முனை; இயந்திர அதிர்வு உணரப்படும் பின்பகுதி. பணியாளரின் குடியிருப்பு பெரும்பாலும் இங்கேதான் அமைகிறது. சலவைக்கூடம், சமையற்கூடம், பண்டகசாலை, இயந்திர அறை ஆகியவையும் இப்பகுதியிலேயே இருப்பதால், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே சில அடிகளே தூரம்.

பயணிகள் நடமாடும் பகுதியிலிருந்து "பணியாளர் மட்டும்" என்று எழுதிய கதவு ஒன்றைத் திறந்தால், கம்பளம் அங்கேயே முடிந்துவிடும். வண்ண விளக்குக்குப் பதிலாக வெண்குழல் விளக்கு. மரச்சுவருக்குப் பதிலாக வண்ணம் பூசிய இரும்பு. தலைக்கு மேலே குழாய்களும் கம்பிகளும். கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி நீண்ட நடைபாதை ஒன்று அங்கே செல்கிறது. அமெரிக்கக் கரையோரம் செல்லும் நெடுஞ்சாலையின் பெயரால் அதைப் பல கப்பல்களில் 'ஐ-95' என்று பணியாளர் வேடிக்கையாக அழைக்கின்றனர். உணவுப்பொருள் ஏற்றிய வண்டிகளும், அழுக்குத் துணி மூட்டைகளும், வேலை மாறும் மனிதர்களும் இரவு பகலாக அதில் ஓடிக்கொண்டேயிருக்கின்றனர். ஆபத்து வந்தால் நீர்புகாக் கதவுகள் அந்தத் தளங்களில்தான் அடைக்கப்படும்.

இந்த வழக்கம் புதியதன்று. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலிலும் இத்தகைய நீண்ட நடைபாதை ஒன்று இருந்தது. அதற்குப் பணியாளர் இட்ட பெயர் 'ஸ்காட்லாந்து சாலை'. உலையில் நிலக்கரி அள்ளிப்போட்ட தொழிலாளர் அக்கப்பலின் முன்முனையில், பலர் சேர்ந்து உறங்கும் கூடங்களில் தங்கினர். சுழல் படிக்கட்டு வழியே இறங்கி, கீழே அமைந்த சுரங்கப் பாதை ஒன்றின் வழியாக அவர்கள் உலைக்களத்துக்குச் சென்றனர். கரிபடிந்த முகங்கள் பயணிகளின் கண்ணில் படாதிருக்க அந்த அமைப்பு வழிசெய்தது. கப்பலை ஓட்டியவர் கப்பலில் இருப்பதே தெரியாமல் பயணம் நடந்தது.

இனி, அறைக்குள் செல்வோம்.

உல்லாசக் கப்பலின் சாதாரணப் பணியாளருக்கு, அதாவது உணவு பரிமாறுபவர், அறை துப்புரவு செய்பவர், சமையலர், சலவையாளர், இயந்திர உதவியாளர் ஆகியோருக்கு, பெரும்பாலும் இருவர் தங்கும் அறை கிடைக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக் கட்டில். அதை மறைக்க ஒரு திரை. இரண்டு குறுகிய அலமாரி. ஒரு சிறு மேசை. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத குளியலறை. சன்னல் இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. சுவர் இரும்பானதால் ஆணி அடிக்க முடியாது; ஆகவே சிறு காந்தத்தால் குடும்பப் படத்தையும் மாதா படத்தையும் ஒட்டி வைக்கின்றனர். ஒருவனுக்கு அதிகாலைப் பணி, மற்றவனுக்கு இரவுப் பணி என்றால், ஒருவன் உறங்கும்போது மற்றவன் இருட்டிலேயே உடை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-ஆம் ஆண்டு செனீவாவில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2013 ஆகஸ்ட் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. அதற்குப் பின் கட்டப்படும் கப்பல்களுக்குரிய அளவுகள் அதில் விளக்கமாக உள்ளன. கட்டில் 198 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உடையதாக இருக்கவேண்டும். கூரையின் உயரம் 203 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பயணிகள் கப்பலில் இரண்டு சாதாரணப் பணியாளர் சேர்ந்து தங்கும் அறை 7.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. நம் வழக்கில் சொன்னால், எட்டடிக்குப் பத்தடி. நம் வீட்டுச் சமையலறை பலவும் அந்த அளவுதான்.

அதே உடன்படிக்கை, தனி வரவேற்பறை இல்லாத இளநிலை அதிகாரி ஒருவருக்கும் குறைந்தது 7.5 சதுர மீட்டர் தரவேண்டும் என்கிறது. முதுநிலை அதிகாரிக்கு 8.5. கேப்டனுக்கும் தலைமைப் பொறியாளருக்கும் படுக்கையறையோடு தனி வரவேற்பறையும் வேண்டும் என்கிறது. இருவருக்கு எந்த அளவோ, அந்த அளவே அதிகாரியாகிய ஒருவருக்கு என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொரு வியப்பும் உண்டு. 3,000 டன் கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள சரக்குக் கப்பலில் ஒவ்வொரு மாலுமிக்கும் தனி அறை வேண்டும் என்பது விதி. அறைகள் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கவேண்டும். பகல் வெளிச்சமும் வேண்டும். பயணிகள் கப்பலுக்கு இவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. விளக்கும் காற்றோட்டமும் தக்கபடி இருந்தால் படுக்கையறை நீர்மட்டத்துக்குக் கீழேயும் இருக்கலாம். வேலைக்காரர் நடமாடும் பாதைக்கு நேர் கீழே மட்டும் இருத்தலாகாது. இரும்புத்தாது சுமக்கும் அழுக்குக் கப்பலில் மாலுமிக்குச் சன்னலோடு தனி அறை. சரவிளக்கு ஒளிரும் மாளிகைக் கப்பலில் பணியாளனுக்குச் சன்னலற்ற பாதி அறை! புறத்தோற்றத்தைக் கண்டு மதிப்பிடாதீர்கள் என்று ஆண்டவர் நமக்குச் சொன்னது இங்கும் பொருந்துமன்றோ?

உல்லாசக் கப்பலில் பணியாளர் மூன்று வகுப்பினர். முதலாவது அதிகாரிகள். கேப்டனின் இல்லம் கப்பலைச் செலுத்தும் மேடைக்கு அருகிலேயே, உயர்ந்த தளத்தில் அமைகிறது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் நொடிப்பொழுதில் அவர் சுக்கான் அருகே நிற்கவேண்டும். ஆயிரமாயிரம் உயிர்களுக்கு அவரே பொறுப்பு. இரண்டாவது, பாடகர், கடை நடத்துவோர், குழந்தைகளைக் கவனிப்போர் போன்றோர். இவர்களும் பெரும்பாலும் அறையைப் பகிர்ந்துகொள்வர். ஆயினும் பயணிகளின் பகுதியில் ஓய்வு நேரத்தில் நடமாட இவர்களுக்கு அனுமதி உண்டு. மூன்றாவது, நான் மேலே குறிப்பிட்ட சாதாரணப் பணியாளர். வேலை முடிந்ததும் இவர்கள் கீழே சென்றுவிட வேண்டும். பல கப்பல்களில் உணவுக்கூடமும் மூன்று.

பதவிக்கேற்ற ஒழுங்கு இருப்பதைத் திருச்சபை குறைகூறுவதில்லை. கேப்டனும் சலவையாளனும் ஒரே அறையில் படுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கப்பல் வாழ்வில் நன்மைகளும் பல. உணவும் உறைவிடமும் இலவசம். நோயுற்றால் மருத்துவம் உண்டு. பல நாட்டவர் ஒரே கூரையின்கீழ் சகோதரராய் வாழக் கற்கின்றனர். நம் இளைஞர் பலர் அந்த எட்டடி அறையிலிருந்தே தங்கையின் திருமணத்தையும் தம்பியின் படிப்பையும் முடித்திருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பை இறைவன் ஆசீர்வதிப்பாராக. நாம் கேட்பது வேறு: கீழே இருப்பவன் மேலே இருப்பவர்களின் நினைவிலிருந்தும் மறைந்துபோகலாமா?

மறைந்தால் என்ன நேரும் என்பதை 2020-ஆம் ஆண்டு உலகமே கண்டது. அவ்வாண்டு பெப்ருவரியில் சப்பான் நாட்டு யோக்கோகாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' என்னும் கப்பல் கொரோனா நோயின் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டது. பயணிகளும் பணியாளருமாக 3,711 பேர் அதில் இருந்தனர். பணியாளருள் இந்தியர் நூற்றுக்கு மேற்பட்டோர். தமிழகத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர். பயணிகள் தத்தம் அறையிலேயே இருக்கும்படி கட்டளை பிறந்தது. ஆனால் அந்த அறைகளுக்கு உணவு கொண்டுசெல்ல யாராவது வேண்டுமே! பணியாளர் தொடர்ந்து உழைத்தனர், சேர்ந்தே உண்டனர், இருவர் இருவராகவே உறங்கினர். பெப்ருவரி 9-ஆம் நாள் வரை நோய் உறுதியான பணியாளர் 20 பேர். அவர்களுள் 15 பேர் உணவுப் பணியைச் சேர்ந்தவர். 16 பேரின் அறைகள் மூன்றாம் தளத்தில், உணவுப் பணியாளர் குடியிருந்த அதே தளத்தில் இருந்தன. ஆய்வாளர் இதைப் பின்னர் எழுதி வெளியிட்டனர்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல. ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்பும் துன்புறும் என்ற பொருளில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அது மேடையில் பேசுவதற்குரிய அழகிய உவமை மட்டுமன்று. கீழ்த்தளத்தில் இருப்பவனுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் மேல்தளத்தில் இருப்பவனுக்கும் பாதுகாப்பு இல்லை.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. பயணிகள் இறங்கிச் சென்றனர். துறைமுகங்கள் அடைபட்டதால் பணியாளர் ஆயிரக்கணக்கில் மாதக்கணக்காகக் கப்பலிலேயே தங்கினர். அப்பொழுது நோய் பரவாதிருக்க ஒவ்வொருவரும் தனித்திருக்க வேண்டியிருந்ததால், பல கப்பல்களில் அவர்களைப் பயணிகளின் அறைகளுக்கு மாற்றினர். ஆண்டுக்கணக்கில் கடலில் உழைத்தும் தம் படுக்கையிலிருந்து கடலைக் காணாதவர் பலர், அன்றுதான் சன்னல் வழியே விடியலைக் கண்டனர். ஆயினும் வீடு திரும்பும் நாள் தெரியாத வேதனை அந்தச் சன்னலாலும் தீரவில்லை. கட்டில் மட்டும் மனிதனுக்கு வீடாகிவிடாது என்பதற்கும் அதுவே சான்று.

விவிலியத்தைத் திறந்து பாருங்கள். யோனா கப்பலின் அடித்தட்டில் இறங்கி உறங்கினார். புயல் வந்தபோது கப்பல் தலைவன் தானே அவரிடம் வந்து, எழுந்து மன்றாடும்படி எழுப்பினான். பவுலை உரோமைக்கு ஏற்றிச் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர். நூற்றுவர் தலைவனும் கைதியும், மாலுமியும் படைவீரனும் அதில் சேர்ந்திருந்தனர். புயலில் மாலுமிகள் மட்டும் சிறுபடகில் தப்ப முயன்றபோது, அவர்கள் கப்பலில் இராவிட்டால் எவரும் பிழைக்க முடியாது என்று பவுல் எச்சரித்தார். முடிவில் அனைவரும் ஒருவர் குறையாமல் கரைசேர்ந்தனர். நம் ஆண்டவரோ, ஒரு படகில், பின்பகுதியில், ஒரு தலையணைமேல் உறங்கினார். உழைப்பவன் உறங்கும் இடத்தைக் கடவுளின் மகன் அறிவார். அதில் அவரே உறங்கியிருக்கிறார்.

இதை உணர்ந்தே திருச்சபை கடலோடிகளுக்கென ஒரு திருப்பணியை ஏற்படுத்தியது. 1920-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் அது தோன்றியது. இன்று கடலின் விண்மீனாகிய அன்னையின் பெயரால் 'ஸ்டெல்லா மாரிஸ்' என்று வழங்குகிறது. 1997-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதே பெயருடைய மடல் ஒன்றால் இப்பணியை ஒழுங்குபடுத்தினார். துறைமுக ஆன்ம குரு கப்பலில் ஏறினால், அவர் நாடிச்செல்வது சரவிளக்குக் கூடத்தை அன்று, பணியாளரின் உணவுக்கூடத்தையே. சில கப்பல்களில் குருக்கள் உடன் பயணம் செய்வதும் உண்டு. அப்பொழுது பணியாளருக்கான திருப்பலி, கடைசித் தட்டும் கழுவப்பட்ட பிறகு, நள்ளிரவை ஒட்டி நடைபெறும். கால் கடுக்க நின்று உழைத்தவர்கள் உறக்கத்தைத் துறந்து அதற்கு வருகின்றனர். பத்து நிமிடத் தொலைவில் கோவில் இருந்தும் ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தி வரும் நாம் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அன்புக் குடும்பத்தாரே, நாம் செய்யவேண்டியவை சில உண்டு.

முதலாவது, அனுப்புமுன் விசாரியுங்கள். வேலை தேடித் தரும் நிறுவனம் இந்திய அரசின் உரிமம் பெற்றதா? ஒப்பந்தம் எத்தனை மாதம்? அறையில் எத்தனை பேர்? ஓய்வு எத்தனை மணி? மேற்சொன்ன உடன்படிக்கையின் ஓய்வு விதிப்படி ஒரு நாளில் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் குறைந்த அளவு ஓய்வு. அப்படியானால் வாரத்தில் 91 மணி நேர உழைப்புக்கு அங்கே இடமிருக்கிறது என்பதைத் தெரிந்தே அனுப்புங்கள். வேலை தேடித் தருவதற்கென மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை அவ்வுடன்படிக்கை தடைசெய்கிறது. கடவுச்சீட்டு, கடலோடிப் பதிவேடு, மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சாரும். இலட்சக்கணக்கில் பணம் கேட்பவனிடம் தாலியை அடகுவைத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, மகனோ கணவனோ சுருக்கமாகப் பேசினால் சினம் கொள்ளாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் உறங்கிக்கொண்டிருப்பான். அதனால் அவன் குரலைத் தாழ்த்துகிறான். உங்கள் அன்பு குறைந்துவிட்டதாக அவனிடம் குற்றம் சாட்டினால், அந்த இருட்டறையில் அவன் அதைச் சுமந்துகொண்டு படுக்கவேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம் முடியும்போது, "இன்னும் ஒரு முறை போய் வா, மாடி கட்டி முடித்துவிடலாம்" என்று நெருக்காதீர்கள். அவன் போகவேண்டுமா என்பதை அவன் உடலும் உள்ளமும் ஓய்ந்த பின் அவனே சொல்லட்டும்.

நான்காவதாக ஒன்று, இதுவே கடினமானது. கப்பற் பணத்தால் எழுந்த வீடுகளை ஆசீர்வதிக்கச் செல்லும்போது நான் காண்பதுண்டு. முன்புறம் விருந்தினருக்கென ஒரு கூடம், பூட்டியே கிடக்கும். மாடியில் குளிர்சாதன அறை, அதுவும் பூட்டியே கிடக்கும். பாட்டியோ சமையலறையை ஒட்டிய நடையில் பாய் விரித்திருப்பார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு உட்காரவும் இடமிராது. அவளுக்கெனத் தனித் தம்ளர் இருக்கும். எவனுடைய சன்னலற்ற அறைக்காக நாம் கண்ணீர் விடுகிறோமோ, அவனுடைய பணத்தாலேயே நம் வீட்டில் ஒரு கீழ்த்தளத்தைக் கட்டிவிட்டோம்! இம்மாதம் ஒருநாள் மாலையில் வீட்டுத் தலைவர் தம் இல்லத்தைச் சுற்றி வந்து, யார் எங்கே உறங்குகின்றனர் என்று பார்க்கட்டும். காற்று வரும் அறையின் பூட்டு திறக்கப்படட்டும்.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடலோடிகளுக்காக மன்றாடும் 'கடல் ஞாயிறு'. அந்நாளுக்காகக் காத்திராமல், இன்றிரவே குடும்ப செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். கேப்டனுக்காகவும் செபியுங்கள், சலவைக்கூடத்தில் நிற்பவனுக்காகவும் செபியுங்கள். உங்கள் உறவினர் எவரும் கடலில் இல்லையென்றால், பெயர் தெரியாத ஒருவனுக்காகச் செபியுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, இரும்புச் சுவரில் காந்தத்தால் ஒட்டிய மாதா படத்துக்கு அருகே, அவனும் இதே நேரத்தில் கண்ணயரக்கூடும்.

கடலின் விண்மீனாகிய அன்னை நம் எல்லோரையும் ஒரே கரையில் சேர்ப்பாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை